ரவிச்சந்திரன் வீடு இது

நவம்பர் கடைசியில் ஒரு காலை குணாளன் முதலாளி கையில் ஒரு கடிதத்தை ஆட்டிக்கொண்டே கடைக்குள் வந்தார். பீடோங் பசாருக்கு எதிர் வரிசையில் இருக்கும் அவருடைய மளிகைக் கடையில் ஜோசபின் பதினொரு வருடமாகக் கல்லாவில் உட்கார்ந்திருக்கிறாள். கடையில் பாட்டுப் போட்டால் அதற்கு உரிமம் வாங்க வேண்டும், வாங்காவிட்டால் வழக்கு வரும் என்று கடிதம் சொன்னது.

"நான் அரிசி விக்கிறேனா, பாட்டு விக்கிறேனா ஜோசபின்?"

"பாட்டுக் கேட்டுக்கிட்டேதானே முதலாளி அரிசி வாங்குறாங்க."

"அப்ப கேக்குறவன் கட்டட்டும் லா! என்னை ஏன் புடிக்கிறான்?" அவர் கடிதத்தை மடித்து வெங்காயத் தராசுக்கு அடியில் செருகினார். "டிசம்பர்ல பாட்டு இல்லன்னா கட எழவு வீடு மாதிரி இருக்கும். ஓசிப் பாட்டு கெடைக்குமான்னு பாரு. கிறிஸ்மஸ் பாட்டுதானே, ஒங்காளுங்க கிட்ட கேட்டா குடுப்பாங்க."

"எங்காளுங்க ஓசில குடுக்கிறது புத்திமதி மட்டுந்தான் முதலாளி."

சொன்னாளே தவிர, அன்று மத்தியானமே போனில், இணையத்தில் தேட ஆரம்பித்துவிட்டாள். ஜோசபினுக்கு நாற்பத்தெட்டு வயது. தோட்டத்தில் பிறந்து, ஐந்தாம் படிவம் வரை படித்து, கையுறைத் தொழிற்சாலையில் பத்து வருடம் நின்று கால் நரம்பைக் கெடுத்துக்கொண்டு, புருஷனைப் புற்றுநோய்க்குக் கொடுத்து, மகனைச் சிங்கப்பூருக்கு அனுப்பிவிட்டு, மலிவு விலை அடுக்குமாடியில் தனியாக இருக்கிறவள். பாட்டு என்பது தன் வாழ்க்கையில் எப்போதோ முடிந்துபோன சங்கதி என்றுதான் அவள் நினைத்திருந்தாள்.

தேடப்போன இடத்தில் அவளுக்குத் திகைப்பாக இருந்தது. எந்தக் கம்பெனியும் பின்னால் இல்லாமல், நான்கு பேர், ஐந்து பேர் சேர்ந்து வீட்டு அறையில் பாட்டைப் பதிந்து, பண்டிகைக்கு எல்லாருக்கும் சும்மா எடுத்துக்கொள்ளக் கொடுத்திருந்தார்கள். 'விலை: உங்கள் விருப்பம். பூஜ்யமும் போடலாம்' என்று எழுதியிருந்தது. பினாங்குக் குழு ஒன்றின் பாட்டு முடிகிற இடத்தில் நாய் குரைத்தது. அதை அவர்கள் வெட்டாமல் விட்டிருந்தார்கள். ஈப்போவில் மூன்று பெண்கள் சோற்றுப்பானை மூடிகளைத் தட்டித் தாளம் போட்டிருந்தார்கள். எந்த ஊரென்றே தெரியாத ஒருவன் தன் அம்மா ஆஸ்பத்திரியில் கிடக்கும் கிறிஸ்மஸைப் பற்றிப் பாடியிருந்தான். ஆங்கிலம் பாதிதான் புரிந்தது, ஜோசபினுக்குக் கண் கலங்கியது. பூஜ்யம் போட்டு எடுக்கும்போதெல்லாம் கூச்சமாக இருந்ததால், ஒவ்வொரு குழுவுக்கும் தன் உடைந்த ஆங்கிலத்தில் ஒரு வரி நன்றி எழுதிப் போட்டாள். சோற்றுப்பானைப் பெண்கள் பதில் எழுதினார்கள். 'உங்கள் கடையில் எங்கள் பாட்டா? சத்தமாகப் போடுங்கள் அக்கா!'

ஒரு வாரம் இப்படிப் போனது. சாப்பாட்டு நேரத்தில் காதில் ஒயரை மாட்டிக்கொண்டு அவள் சிரிப்பதைப் பார்த்து, "என்ன, புது மாப்பிள்ளையா?" என்று முதலாளி கிண்டல் செய்தார். "இருபது மாப்பிள்ளைங்க முதலாளி, எல்லாரும் ஓசி" என்றாள்.

இருபத்தோராவதாக வந்தது ஒரு தமிழ்ப் பாட்டு.

குழுவின் பெயர் 'பால்வாளி.' சுங்கைப்பட்டாணிப் பிள்ளைகள். படத்தில், தலையில் விளக்குக் கட்டிய பால்மரத் தொழிலாளி ஒருவர் குடிசை வாசலில் நிற்பதுபோல வரைந்திருந்தது. பெயர் வேடிக்கையாக இருக்கிறதே என்று, கேட்டுப் பார்க்காமலே கடையின் ஒலிபெருக்கியில் போட்டாள். முதலில் பழைய ஒலிநாடாவின் கரகரப்பு. அந்தக் கரகரப்புக்குள் ஒரு பெண் குரல்.

*விளக்கு வச்ச வீடு இது,*
*விண்மீன் பார்த்த வீடு இது,*
*ரவிச்சந்திரன் வீடு இது,*
*ரட்சகர் வந்த வீடு இது.*

அதற்குப் பிறகு கிட்டாரும் தவிலும் சேர்ந்து எழும்பின. ஜோசபின் கையில் தேங்காய்ப்பால் பொட்டலத்தோடு அப்படியே நின்றாள். எதிரே நின்ற மலாய்க்காரப் பெண் "காக்? காக்?" என்று மலாயில் அக்கா போட்டு இரண்டு முறை கூப்பிட்ட பிறகுதான் பொட்டலத்தைப் பையில் போட்டாள்.

பாட்டு அவள் எழுதியது. ஒலிநாடாவில் கேட்ட குரலும் அவளுடையது, இருபத்தொரு வயதுக் குரல். அவளை நிறுத்தியது அது இல்லை. மூன்றாவது வரியில் வந்த பெயர்.

பாட்டுக்குக் கீழே எழுதியிருந்ததை அவள் மூன்று முறை படித்தாள். 'கெடா ரப்பர் தோட்டங்களில் பாடப்பட்ட மரபுப் பாடல். எழுதியவர் தெரியவில்லை. ரவிச்சந்திரன் என்ற ஏழைத் தொழிலாளியின் வீட்டைத் தேடி இயேசு வந்த கதை. இலவசம். எடுத்துக்கொள்ளுங்கள், பரப்புங்கள். ஒலிநாடாவைத் தந்த அப்பா கென்னத்துக்கு நன்றி.'

ரவிச்சந்திரன் ஏழைத் தொழிலாளி இல்லை. அவர்தான் தோட்டத்து மேனேஜர்.

பீடோங்கிலிருந்து உள்ளே எட்டு மைலில் இருந்தது கிளென்வியூ தோட்டம். இன்று அந்த இடத்தில் ஒரே அச்சில் வார்த்த இரட்டை மாடி வீடுகள் இருக்கின்றன. அங்கே டிசம்பர் இருபதை ஒட்டி, சிற்றாலயத்து இளைஞர்கள் பதினெட்டுப் பேர் தோட்டத்து லாரியில் ஏறி தொழிலாளர் வீடுகள் வரிசையாக நிற்கும் லயம் லயமாகப் பாடிப் போவார்கள். ஜோசபின் எழுதிய பாட்டுக்குத் தோட்டமே காத்திருந்ததற்கு ஒரு காரணம் உண்டு. எந்த வீட்டு வாசலில் நிற்கிறார்களோ, அந்த வீட்டுக்காரர் பெயரை மூன்றாவது வரியில் போட்டுப் பாடுவார்கள். குழுச் செயலாளர் கென்னத் பட்டியலைப் பார்த்துப் பெயரைச் சொல்ல, லாரி மேலிருந்து "வசந்தன் வீடு இது" என்று குரல் எழும்பும். மாரியம்மனுக்குப் பால்குடம் எடுக்கிற வசந்தனும் வாயெல்லாம் பல்லாக நிற்பார். "ரட்சகர் வந்தா காலத் தொடச்சிட்டு வரச் சொல்லுங்க லா, இப்பதான் வீடு கூட்டுனேன்" என்று அவர் மனைவி கத்துவாள். எந்தச் சாமி என்பது யாருக்கும் முக்கியமில்லை. காலையில் ஆள் கணக்கெடுக்கும் பெரட்டில் எண்ணாகவும் சம்பளச் சீட்டில் கையெழுத்தாகவும் மட்டுமே இருந்த பெயரை, பதினெட்டுப் பேர் சேர்ந்து தெருவில் நின்று பாடினார்கள். வருடத்தில் ஒருநாள் அந்தப் பெயருக்கு அந்த மரியாதை கிடைத்தது.

தொண்ணூற்றெட்டில் தோட்டம் விற்கப்பட்டது. மாற்று வீடு கொடுத்தால்தான் வெளியேறுவோம் என்று ஆறாவது லயத்தில் ஐந்து குடும்பங்கள் உட்கார்ந்துவிட்டன. நவம்பரில் அந்த லயத்துக்கு மின்சாரத்தை வெட்டினார்கள், அடுத்த வாரம் தண்ணீரையும். உத்தரவில் கையெழுத்துப் போட்டவர் ரவிச்சந்திரன். நல்ல மனிதர் என்றுதான் எல்லாரும் சொன்னார்கள். யாரையும் கை நீட்டி அடித்ததில்லை. அந்தக் கைக்குக் கையெழுத்து மட்டும் போதுமாக இருந்தது. மாரியம்மன் கோயில் கமிட்டி அந்த வருடமும் அவருக்கு மாலை போட்டது. மதத்தில் அரசியலைக் கலக்காதீர்கள் என்று சிற்றாலயத்து உபதேசியார் அறிவுரை சொன்னார். ஏழைகள் தண்ணீர் கேட்டால் அது அரசியல். மேனேஜர் லாரி கொடுத்தால் அது பக்தி.

அந்த டிசம்பரில் கென்னத் கையில் இருந்த பட்டியலில் ஐந்து பெயர்கள் சிவப்பு மையில் அடிக்கப்பட்டிருந்தன. ஆபீஸில் கணக்கு எழுதும் கிராணி அடித்துக் கொடுத்தார். "அந்த லயத்துல ரோடு சரியில்ல, லாரி நிக்காது" என்று சொல்லி அனுப்பினார்கள். ஆனால் மேனேஜர் பங்களாவுக்குப் போக அந்த லயத்தைத் தாண்டித்தான் போக வேண்டும். பொழுது சாய்ந்திருந்தது. மூன்றாவது வாசலில் அழகம்மா மண்ணெண்ணெய் விளக்கோடு நின்றுகொண்டிருந்தாள். அவள் ஜோசபினின் அம்மாவோடு ஒரே நிரையில் பால் வெட்டியவள். காய்ச்சலில் கிடந்த ஜோசபினுக்குக் கஞ்சி காய்ச்சி ஊட்டியவள். லாரி வேகத்தைக் குறைக்கவில்லை. "பாட்ட நிறுத்தாதீங்க, நிறுத்துனா நல்லாருக்காது" என்றான் கென்னத். பாடினார்கள். பெயர் வருகிற இடத்தில் மட்டும் வாயை மூடிக்கொண்டு முனகினார்கள். விண்மீன் வழிகாட்டியதாகப் பாடிக்கொண்டு போனவர்களுக்குப் பத்தடி தூரத்து மண்ணெண்ணெய் விளக்கு கண்ணில் படவில்லை.

ஜோசபினுக்குப் பட்டது. அவள் சட்டென்று லாரிப் பலகையில் குந்தி, தலையைக் குனிந்துகொண்டாள்.

பங்களாவில் கம்பளத்தின் மேல் உட்காரவைத்து ஆரஞ்சுத் தண்ணீர் கொடுத்தார்கள். அமைதியான இடம் என்று கென்னத் அங்கேதான் பாட்டைப் பதிவு செய்தான். மேனேஜர் வீட்டு வரவேற்பறையில், மேனேஜர் பெயரைச் சொல்லி, ஜோசபின் கணீரென்று பாடினாள். பிப்ரவரியில் ஆறாவது லயத்தைப் புல்டோசர் இடித்தது. அதன் பிறகு அவள் எந்த ஆலயத்திலும் வாய் திறந்து பாடவில்லை.

இப்போது அந்த ஒலிநாடாவிலிருந்துதான் பாட்டு எழுந்து வந்திருக்கிறது. அடித்த பெயர்கள் அடித்தபடியே போய்விட்டன. அடிக்கச் சொன்னவர் தலையில் விளக்குக் கட்டி ஏழையாகிவிட்டார்.

சாயங்காலம் அவள் கென்னத்துக்குப் போன் போட்டாள். அவன் இப்போது சுங்கைப்பட்டாணியில் காப்புறுதி முகவர். ஞாயிறுதோறும் பீடோங் தேவாலயத்துக்கு வந்து பாடகர் குழுவை நடத்துகிறவனும் அவன்தான்.

"ஏய் ஜோஸி, கேட்டியா? நம்ம பாட்டு லா! கிளென்வியூ வாட்சப் குரூப்புல எல்லாரும் அழுவுறாங்க. ஒன் பேரத்தான் விட்டுட்டாங்க புள்ளைங்க, போடச் சொல்றேன்."

"என் பேரு கெடக்கட்டும் கென்னத். அந்தாள் பேர எடு."

"எந்தாளு?"

"ஒனக்குத் தெரியாதா?"

"அவரு செத்துப் பத்து வருசம் ஆச்சு. செத்தவரப் போயி ஏன்…"

"செத்தவரத்தான வாழ்த்திக்கிட்டு இருக்கீங்க."

"ஒரு பேரு லா ஜோஸி. இப்ப யாருக்கு அவரத் தெரியும்?"

"அதான் எனக்குப் பயமா இருக்கு. யாருக்கும் தெரியாது. இன்னும் பத்து வருசத்துல அவரு பட்டினியில செத்தாருன்னு ஒருத்தன் புஸ்தகம் எழுதுவான்."

"இருபதாந்தேதி கேரல் ரவுண்டுக்கு இதத்தான் எடுத்திருக்கோம். பாட்டுத் தாள் பிரிண்ட் அடிச்சாச்சு. நல்ல நாள்ல பழசக் கிண்டாத" என்றான் கென்னத். போன் துண்டானது.

மறுநாள் அவள் பஸ் ஏறிச் சுங்கைப்பட்டாணிக்குப் போனாள். டயர் கடை மாடியில் பால்வாளிக் குழு பயிற்சி செய்யும் அறை. கென்னத்தின் மகள் அலிசியாவுக்கு இருபத்து மூன்று வயது. "ஆன்ட்டி, அந்த டேப்ல பாடுனது நீங்களா? சீரியஸா?" என்று கட்டிக்கொள்ள வந்தாள். ஜோசபின் எட்ட நின்றபடியே எல்லாவற்றையும் சொன்னாள்: வீட்டுக்கு வீடு பெயர் மாறும் வழக்கம், சிவப்பு மை, பங்களாவின் கம்பளம். சொல்லச் சொல்ல அலிசியாவின் முகம் சுருங்கியது.

"அப்பா ஒண்ணுமே சொல்லலியே ஆன்ட்டி. யார் இந்த ரவிச்சந்திரன்னு கேட்டேன். ரொம்ப நல்ல மனுஷன்னாரு. நாங்க… ஐயோ, நாங்க அவர் தலையில லைட் கட்டி வரைஞ்சிருக்கோம்!"

தவில் வைத்திருந்த பையன் சிரிக்கப் பார்த்து, அடக்கிக்கொண்டான்.

"எடுத்துருவோம்" என்றாள் அலிசியா. "ஆனா ஆன்ட்டி, இது ஓசில குடுத்தது. டவுன்லோட் பண்ணவங்க போன்ல இருந்து நாம உருவ முடியாது. இது அது பாட்டுக்குச் சுத்தும். புதுசா ஒண்ணு பாடி வேணா போடலாம். யார் பேர வைக்கிறது?"

"அழகம்மா." அவள் யோசிக்கவே இல்லை. நேற்று ராத்திரி முழுக்க அந்த வரியைத்தான் அவள் வாய் முணுமுணுத்தது. அழகம்மா வீடு இது. தாளம்கூடச் சரியாக உட்கார்ந்தது.

"அவங்க இருக்காங்களா?"

"இருக்காங்க. தஞ்சோங் டாவாயில மக வீட்டுல."

"அப்ப ஒரு வார்த்த கேட்டுட்டு வாங்க ஆன்ட்டி. டேப்பக் கேட்டு ஒரு தடவ வாங்கிக் கட்டிக்கிட்டோம். அவங்க பேரு, அவங்கதான சொல்லணும்?"

இருபத்தேழு வருடமாக முப்பது கிலோமீட்டர் தூரத்துக்குள் இருந்தும் ஜோசபின் அங்கே போனதில்லை. ஞாயிற்றுக்கிழமை போனாள். ஆற்றுமுகத்தில், படகுத்துறைக்குப் பக்கத்தில், அழகம்மாவின் மகள் பிரேமாவதி கருவாட்டுக் கடை வைத்திருந்தாள். தகரக் கூரைக்கு அடியில் தாழ்வான முக்காலியில் உட்கார்ந்து அழகம்மா நெத்திலியின் தலையைக் கிள்ளிக்கொண்டிருந்தாள். முடி முழுக்க வெளுத்திருந்தது. கை மட்டும் அதே வேகத்தில் ஓடியது.

"சூசை மக ஜோஸியா? அடி ஆத்தி, ஒடம்பு வச்சிட்ட! பிரேமா, ஒரு காப்பி போடு. இவ நம்ம புள்ள." அவள் பக்கத்தில் இருந்த தகரத்தை நகர்த்தி இடம் செய்தாள். "ஒங்காளுங்க யாரு வந்தாலும் நான் மூஞ்சி குடுக்கிறதில்ல. அன்னிக்கு லாரி நிக்காமப் போனத எப்படி மறக்க? ஆனா அதுல நீ இல்ல. ஒவ்வொரு தலையா எண்ணிப் பாத்தேன், பதினேழுதான் இருந்துச்சு. ஜோஸி இருந்திருந்தா குதிச்சி எறங்கியிருப்பா, அதனாலதான் அவள வீட்டுல வச்சிப் பூட்டிட்டாங்கன்னு எங்க வீட்டுக்காரர்கிட்ட சொன்னேன். சாகுற வரைக்கும் அவரும் அதத்தான் சொல்லிக்கிட்டு இருந்தாரு."

காப்பி வந்தது. ஜோசபின் கோப்பையைக் கையில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். ஒன்றும் சொல்லத் தேவையில்லை. தலையை ஆட்டினால் போதும்; பெயர் கிடைத்துவிடும், பாட்டு திருந்திவிடும், அழகம்மாவும் சந்தோஷப்படுவாள். இந்த உலகில் பதினேழு பேர் மட்டுமே அறிந்த ஒரு பொய். பதினேழு பேரும் வாய் திறக்கப் போவதில்லை.

"இருந்தேன்க்கா" என்றாள். "ஒங்களப் பாத்ததும் குனிஞ்சிக்கிட்டேன்."

நெத்திலி கிள்ளிய கை நின்றது. பிறகு மறுபடியும் ஓட ஆரம்பித்தது.

"குந்திக்கிட்டியா?"

"ஆமாக்கா."

"பதினெட்டு டம்ளர் வச்சிருந்தேன் தட்டுல." அழகம்மா அவளைப் பார்க்காமலே பேசினாள். "தண்ணி வெட்டியிருந்தாங்க. ஸ்டோர் பக்கத்துக் குழாய்ல இருந்து நானும் அவரும் கொடத்துல தூக்கியாந்தோம். சர்பத்து கரைச்சி வச்சா, என்னா கோவமா இருந்தாலும் நம்ம புள்ளைங்க நிப்பாங்கன்னு நெனச்சேன்."

ஜோசபின் பாட்டைப் பற்றிச் சொன்னாள். யாருடைய பெயரில் அது சுற்றுகிறது என்பதையும், அதை மாற்றி அழகம்மாவின் பெயரை வைக்கப்போவதையும் சொல்லி முடித்தாள்.

"வேணாம்."

"அக்கா…"

"என் பேர வச்சி நீ மூஞ்சி கழுவிக்கப் போறியா?" அழகம்மாவின் குரல் உயரவில்லை. "ரட்சகர் வந்த வீடுன்னு ஏன்டி பொய் பாடுறீங்க? யாரு வந்தா? ஒங்க யேசுவும் வரல, எங்க முனியாண்டியும் வரல. புல்டோசர்தான் வந்துச்சு. அவன் பேர எடுத்துட்டு என் பேரப் போட்டா, அன்னிக்கு லாரி நின்னதா ஆயிரும். நிக்கல. நடந்தத நடந்தபடி பாடத் தெரியுமா ஒனக்கு? தெரிஞ்சா பாடு. தெரியலன்னா காப்பியக் குடிச்சிட்டுக் கெளம்பு."

பிரேமாவதி வாசல்வரை வந்தாள். அந்த டிசம்பரில் அவளுக்கு ஒன்பது வயது. அவள் ஒரு பொட்டலம் நெத்திலியை ஜோசபின் பையில் வைத்துவிட்டு, போன் நம்பரை வாங்கிக்கொண்டு உள்ளே போனாள்.

ஜோசபினுக்கு முதலில் கோபம்தான் வந்தது. இத்தனை தூரம் வந்து உண்மையைச் சொன்னதற்குக் கிடைத்தது இதுவா? பஸ் மெர்போக் பாலத்தைத் தாண்டும்வரை அந்தக் கோபம் அவளோடு வந்தது. பிறகு அது வடிந்து, அடியில் வேறொன்று தெரிந்தது. மன்னிப்பு வாங்கத்தான் போனோம். பெயர் ஒரு சாக்கு. இது தெரிந்தபோது அவளுக்கு உடம்பெல்லாம் கூசியது. பயணச் சீட்டின் பின்புறத்தில் எழுத ஆரம்பித்தாள். இடம் போதாமல் நெத்திலிப் பொட்டலத்தின் மேலும் எழுதினாள். இருபத்தேழு வருடத்துக்குப் பிறகு வந்த வரிகள்; ஒன்றிலும் அழகு இல்லை.

*விளக்கு வச்ச வீடு இது,*
*தண்ணி வெட்டின வீடு இது,*
*லாரி நிக்காத வீடு இது,*
*யாரும் வராத வீடு இது.*

அலிசியா படித்துவிட்டு, "இத கிட்டாரோட பாட முடியாது ஆன்ட்டி. நீங்களே சும்மா பாடுங்க" என்றாள். டயர் கடை மாடியில் ஒரு மத்தியானம் பதிவு செய்தார்கள். குரல் இரண்டு இடத்தில் உடைந்தது. கீழே யாரோ சக்கரத்தை உருட்டிய சத்தமும் பதிந்தது. மறுபடியும் பாடட்டுமா என்று ஜோசபின் கேட்டாள். "வேணாம்" என்றாள் அலிசியா.

பழைய பாட்டைக் குழுவின் இணையப் பக்கத்திலிருந்து எடுத்துவிட்டுப் புதியதைப் போட்டார்கள். கீழே எழுதவேண்டியதை ஜோசபின் சொல்லச் சொல்ல அலிசியா தட்டினாள். 'இந்தப் பாட்டு மரபுப் பாட்டு அல்ல. எழுதியவள் ஜோசபின். முன்பு இதில் வந்த ரவிச்சந்திரன் ஏழை அல்ல, கிளென்வியூ தோட்டத்து மேனேஜர். 1998 நவம்பரில் ஆறாவது லயத்தில் ஐந்து குடும்பங்களுக்கு மின்சாரமும் தண்ணீரும் வெட்டப்பட்டன. டிசம்பரில் கேரல் லாரி அங்கே நிற்கவில்லை. நிற்காத லாரியில் இருந்தவர்கள்: ஜோசபின்…'

"அடுத்த பேரு?" என்று கேட்டுவிட்டு, கேட்கும்போதே அலிசியாவுக்குப் புரிந்துவிட்டது.

"இது ஒன் பக்கம் அலிசியா. நீதான் முடிவு செய்யணும்."

அலிசியா திரையையே பார்த்துக்கொண்டிருந்தாள். தவில் பையன் எழுந்து வெளியே போனான். அவள் தன் அப்பாவின் பெயரைத் தட்டினாள்.

அன்று இரவு கென்னத் போன் செய்து கத்தினான். என் பிள்ளையை எனக்கு எதிராகத் திருப்பிவிட்டாய் என்றான், அவமானம் என்றான், வக்கீலைப் பார்ப்பேன் என்றான். கடைசியில் குரல் இறங்கி, "நான் மட்டுமா ஜோஸி? ஒத்த ஆள் நான் என்னா செஞ்சிருக்க முடியும்?" என்றான். "லாரிக் கூரையத் தட்டியிருக்கலாம். நானும் தட்டியிருக்கலாம்" என்றாள் அவள். கிளென்வியூ வாட்சப் குழுவில் அவள் போட்ட பாட்டுக்குக் கீழே யாரும் எதுவும் எழுதவில்லை. மறுநாள் காலையில் ஒருவர் மட்டும், 'பண்டிகை நேரத்தில் இது தேவையா?' என்று கேட்டிருந்தார்.

இருபதாம் தேதி பிற்பகலில் தேவாலயத்துக் குழு பீடோங் கடைத்தெருவுக்கு வந்தது. சிவப்புத் தொப்பி, ஆளுக்கொரு பாட்டுத் தாள். கென்னத் வரவில்லை. சின்னப் பிள்ளைகள்; பெயரை மாற்றிப் பாடும் வழக்கம் அவர்கள் பிறப்பதற்கு முன்பே செத்துப்போயிருந்தது. அச்சில் இருப்பதை அப்படியே பாடினார்கள். முடிதிருத்தும் கடை வாசலில் ரவிச்சந்திரன் வீடு இது என்று பாடினார்கள். சோற்றுக் கடை வாசலிலும் ரவிச்சந்திரன் வீடு இது. குணாளன் முதலாளி வாசலில் நின்று கைதட்டியபடி கேட்டார். முடிந்ததும் உள்ளே திரும்பினார்.

"ஜோசபின், இந்தக் கடைய நான் எப்ப லா ரவிச்சந்திரனுக்கு வித்தேன்?"

அவள் சிரிக்கவில்லை. "கடைய மட்டுமா முதலாளி, தெருவையே வித்தாச்சு" என்றாள்.

அவர் அவள் முகத்தைப் பார்த்தார். பிள்ளைகளுக்கு மிட்டாய் டின்னை எடுத்துக்கொண்டு போனார்.

கல்லாவுக்கு அடியில் போன் அதிர்ந்தது. பிரேமாவதியிடமிருந்து குரல் பதிவு. ஜோசபின் போனைக் காதோடு ஒட்டிக்கொண்டாள்.

"அக்கா, நான் பிரேமா. அம்மாவுக்குப் பாட்டப் போட்டுக் காட்டுனேன். ரெண்டு தடவ கேட்டாங்க. கீழ எழுதியிருந்ததையும் படிச்சேன். அம்மா என்னா சொன்னாங்கன்னா…" பின்னால் அழகம்மாவின் குரல் அதட்டுவது கேட்டது: 'நல்லாருக்கு அது இதுன்னு சொல்லாதடி, நான் சொன்னத மட்டும் சொல்லு.' பிரேமாவதி தொடர்ந்தாள். "வீடு அஞ்சு இல்லியாம் அக்கா. ஆறாம். லயத்துக் கடைசியில அம்மாசி தாத்தா தனியா இருந்தாராம். குடும்பம் இல்லாததால கிராணி லிஸ்டுல அவர் பேரே இல்லியாம். அவரும் வாசல்ல நின்னாராம். நீங்களும் அவர விட்டுட்டீங்களாம்."

ஜோசபின் அந்தக் கடைசி வாசலை நினைவுக்குக் கொண்டுவரப் பார்த்தாள். குனிந்த தலைக்கு லாரிப் பலகையைத் தவிர வேறெதுவும் தெரிந்திருக்கவில்லை. ஐந்து என்பது சிவப்பு மையின் கணக்கு. இத்தனை வருடமும் அவள் மனசாட்சி அந்தக் கிராணியின் கணக்கைத்தான் சுமந்துகொண்டிருந்திருக்கிறது.

வரிசையில் மூன்று பேர் நின்றார்கள். "ஒரு நிமிசம் முதலாளி, கல்லாவப் பாத்துக்குங்க" என்று எழுந்து, அரிசி மூட்டைகளுக்குப் பின்னால் போய் அலிசியாவைக் கூப்பிட்டாள்.

"அலிசியா, எழுதுனதுல தப்பு இருக்கு. அஞ்ச ஆறாக்கு. ஒரு பேரு சேக்கணும். சொல்றேன், தட்டு."